நான்காவது புத்தகத்தைப் பற்றியும் சொல்லியிருக்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு என்ன புத்தகம் வாங்கித் தரலாம் என்று உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல காரியம், குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் கிறிஸ்டோஃபர் பாவோலினி எழுதிய டிராகன் தொடரைச் சேர்த்து, முதல் பாகமான 'எரகான்' கதையை அழகாகச் சுருக்கிச் சொல்லிவிட்டு, மற்ற மூன்றையும் 'அடுத்தடுத்த பாகங்களும் விறுவிறுப்புக்குக் குறைவில்லாதவை' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டுப் போய்விட்டார் கட்டுரையாளர். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் அந்த வரி சரி. நான்காவதுக்குச் சரியில்லை. அவர் நான்காவதைக் கடைசிப் பக்கம் வரை படித்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, தவறாக நினைக்க வேண்டாம்.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன், முடிவை உடைத்துத்தான் பேசப் போகிறேன். இன்னும் படிக்காதவர்கள், படிக்கும் எண்ணம் உள்ளவர்கள் இதோடு நிறுத்திவிட்டு விளையாட்டுப் பக்கத்துக்குப் போய்விடலாம்.

இந்தத் தொடரை நான் கல்லூரிக் காலத்தில் படிக்க ஆரம்பித்தேன். இப்போது என் அக்கா மகள், ஒன்பதாம் வகுப்பு, அதே பிரதிகளை எடுத்துப் படித்து முடித்திருக்கிறாள். மூன்றாவது பாகம் வரை சோற்றுத் தட்டுக்குப் பக்கத்திலேயே புத்தகத்தை வைத்துக்கொண்டு படித்தவள், நான்காவதை முடித்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து கேட்ட முதல் கேள்வி, "சித்தி, அந்த மரம் கடைசியில என்னதான் எடுத்துக்கிச்சு?" என்பதுதான். மரத்தைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

தொடர் பிறந்த கதையே ஒரு கதை. அமெரிக்காவில் மான்டானா மாநிலத்தில் ஒரு பள்ளத்தாக்கில், பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே பாடம் படித்த பையன், உயர்நிலைப் படிப்பைச் சீக்கிரம் முடித்துவிட்டு 15 வயதில் உட்கார்ந்து எழுதத் தொடங்கிய நாவல் அது. 2002-ல் அப்பா அம்மாவே சொந்தச் செலவில் அச்சடித்தார்கள். பையன் இடைக்காலத்து ஆள் மாதிரி உடுத்திக்கொண்டு பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக, நூலகம் நூலகமாகப் போய்ப் பேசிப் பேசி விற்றான். மான்டானாவுக்கு வந்திருந்த கார்ல் ஹையசன் என்ற நாவலாசிரியரின் மனைவி வழிப் பையன் அதை வாங்கிப் படித்துவிட்டுச் சிலாகிக்க, அவர் தன் பதிப்பகத்தாரிடம் சொல்ல, 2003-ல் நாஃப் பதிப்பகம் எடுத்து வெளியிட்டது. அதன் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரிந்ததே. 2005-ல் இரண்டாவது, 2008-ல் மூன்றாவது. மூன்றோடு முடிப்பதாகத்தான் முதலில் பேச்சு, கதை நீண்டுகொண்டே போகிறது, நான்காக்குகிறேன் என்று 2007-ல் பாவோலினி அறிவித்தார். நான்காவது 'இன்ஹெரிடன்ஸ்' 2011 நவம்பரில் வந்தது, 800 பக்கத்துக்கு மேல். நடுவில் 2006-ல் ஒரு படமும் வந்தது, அதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை.

15 வயதுப் பையன் கொடுத்த வாக்கை 27 வயது இளைஞர் காப்பாற்ற வேண்டியிருந்தது, அது லேசான காரியம் இல்லை, எனக்கும் புரிகிறது. முதல் புத்தகத்தில் அங்கங்கே வேறு கதைகளின் சாயல் அடிக்கிறது என்று அப்போதே பலர் சொன்னார்கள். உண்மைதான், உழவர் வீட்டுப் பையன், வழிகாட்டும் கிழவர், மறைந்திருக்கும் அப்பா யார் என்ற ரகசியம், இதெல்லாம் எங்கேயோ பார்த்ததுதான். அதற்காக நான் அந்தப் பையனைக் குறை சொல்ல மாட்டேன், எழுதப் பழகும்போது எல்லோரும் அப்படித்தான் பழகுகிறார்கள். என் வருத்தம், கடைசிப் புத்தகத்துக்கு வரும்போது அவர் கையில் யாரிடமும் வாங்காத, முழுக்க முழுக்கத் தன்னுடைய சரக்கு ஒன்று இருந்தது, அதை அவரே பயன்படுத்தாமல் விட்டுவிட்டார் என்பதுதான்.

எல்வாவைச் சொல்கிறேன்.

படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். முதல் பாகத்தில், குள்ளர்களின் மலைக்கோட்டையில், கூட்டத்தில் ஒரு கிழவி கைக்குழந்தையை நீட்டி ஆசீர்வாதம் கேட்கிறாள். எரகான் டிராகன் வீரனாகிச் சில மாதங்கள்தான் ஆகியிருக்கும், மந்திர மொழியில் அரைகுறை. பெரிய மனதோடு இரண்டு வரி சொல்லிவிட்டுப் போகிறான், அவனுடைய டிராகன் சஃபிராவும் குழந்தையின் நெற்றியில் மூக்கை வைக்க, அங்கே ஒரு வெள்ளித் தழும்பு உண்டாகிறது. அந்த இடத்தில் நாம் கண் கலங்கிப் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். இரண்டாவது பாகத்தில்தான் குண்டு விழுகிறது. அவன் சொன்னதில் இலக்கணப் பிழை. தீங்கிலிருந்து நீ காக்கப்படுவாயாக என்று சொல்ல நினைத்தவன், தீங்கைத் தாங்கும் கேடயமாக நீ இருப்பாயாக என்று சொல்லித் தொலைத்திருக்கிறான். மந்திரம் அதை அப்படியே நிறைவேற்றிவிட்டது. சுற்றியிருக்கும் எல்லோருடைய வலியும் அந்தக் குழந்தைக்குள் இறங்குகிறது, வரப்போகிற வலிகூட முன்கூட்டியே தெரிகிறது, போய்த் தடுக்காவிட்டால் அவள் உடம்பு அவளைச் சும்மா விடாது. தாங்குவதற்காக உடம்பு அவசர அவசரமாக வளர்கிறது. பிறந்து இன்னும் பேச்சுக்கூட வரக்கூடாத வயதில், ஊதாக் கண்ணோடு, பெரிய மனுஷி குரலில் பேசுகிற ஒரு சிறுமியாக வந்து அவள் நிற்கும்போது எனக்கு உடம்பு சிலிர்த்துப்போனது. போர்க்களத்துக்குப் பக்கத்தில் ஒரு கூடாரத்தில் கிடந்துகொண்டு, வெளியே சாகிற ஒவ்வொருவனுடைய சாவையும் அவள் படுகிறாள். இளையோர் கற்பனைக் கதைகளில் இதற்கு ஈடான ஒரு பாத்திரத்தை நான் பார்த்ததில்லை. நாயகனின் ஆணவமும் அறியாமையும் நல்லெண்ணமும் சேர்ந்து பெற்ற பிள்ளை அவள்.

மூன்றாவது பாகத்தில் எரகான் அந்தச் சாபத்தை அவிழ்க்க முயல்கிறான். பாதிதான் அவிழ்கிறது. வலி தெரியும், ஆனால் ஓடிப்போய்த் தாங்க வேண்டிய கட்டாயம் இல்லை, அந்த நிலையில் அவளே தடுத்து நிறுத்திக்கொள்கிறாள். இப்போது யோசித்துப் பாருங்கள், ஒரு மனிதனைப் பார்த்த மாத்திரத்தில் அவனுடைய ஆழமான காயம் எது, எந்தச் சொல் அவனை உடைக்கும், எந்தச் சொல் ஆற்றும் என்று தெரிந்த ஒரு சிறுமி. யாருக்கும் கட்டுப்படாதவள். நான்காவது பாகம் அவளைக் கையில் வைத்துக்கொண்டுதான் தொடங்குகிறது.

அப்புறம் முடிவு எப்படி? கொடுங்கோலன் கால்படோரிக்ஸை எரகானால் வாளால் வெல்ல முடியாது, மந்திரத்தாலும் முடியாது. அவன் பலம் அப்படி. கடைசியில் எரகான் செய்வது என்ன என்றால், அந்த அரசன் இத்தனை வருஷமாக மற்றவர்களுக்குக் கொடுத்த துன்பம் அத்தனையையும் அவனையே உணர வைக்கிறான். கொல்ல முயலாமல், புரிய வைக்க முயல்கிறான். வார்த்தையே இல்லாமல் போடப்பட்ட அந்த மந்திரத்தின் பாரம் தாங்காமல் அரசன் தன்னைத் தானே அழித்துக்கொள்கிறான், கோட்டையின் பெரும்பகுதியும் அவனோடு தூள்.

இது நல்ல முடிவு. இன்னும் சொல்லப்போனால் இந்தத் தொடரிலேயே மிக நல்ல யோசனை இதுதான். எதிரியை வெட்டிச் சாய்த்து முடிக்கும் நூறு கதைகளுக்கு நடுவே, பிறர் வலியை உணர்வதே பெரிய ஆயுதம் என்று ஒரு டிராகன் கதை முடிவது சின்ன விஷயமா? ஆனால் அந்த யோசனை எங்கே பிறக்க வேண்டும்? எல்லோருடைய வலியையும் சுமந்தே வளர்ந்த ஒரு சிறுமி அதே மண்டபத்தில் நிற்கிறாளே! அவளை எதற்காக அங்கே கூட்டிக்கொண்டு வந்தார்கள்? கோட்டைக்குள் இருக்கும் பொறிகளை முன்கூட்டியே உணர்ந்து வழிகாட்ட, அப்புறம் அரசனிடம் பேச. வழியைக் காட்டுகிறாள். பேசப் போகும்போது அரசன் மந்திரத்தால் அவள் குரலை அடக்கிவிடுகிறான், அவ்வளவுதான், அதோடு அவள் வேலை முடிந்தது. மூன்று புத்தகமாகப் பார்த்துப் பார்த்து வளர்த்த பெண்ணை அரங்கத்தில் ஓர் ஓரமாக நிறுத்திவிட்டு, அவள் வாழ்க்கை முழுவதும் அனுபவித்ததை எரகானுக்கு அந்த நொடியில் உதித்த யுக்தியாக மாற்றிக் கொடுத்துவிட்டார் ஆசிரியர்.

நாயகன்தானே வெல்ல வேண்டும், அவன் பெயரில்தானே முதல் புத்தகமே இருக்கிறது என்பீர்கள். வெல்லட்டுமே. அந்த மந்திரத்தைப் போடும் முன் அவன் எல்வாவை ஒருமுறை திரும்பிப் பார்த்திருந்தால் போதும். தான் செய்த பெரிய பிழையிலிருந்து அவன் கற்றுக்கொண்டது என்ன என்பதற்கு விடை கிடைத்திருக்கும். பத்து வரியில் முடிகிற வேலை. 800 பக்கம் இருந்தது.

(கடிதம் நீண்டுவிட்டது என்று தெரிகிறது. வெட்ட வேண்டியிருந்தால் மற்றதை வெட்டிக்கொள்ளுங்கள், எல்வா பகுதியில் மட்டும் கை வைக்காதீர்கள்.)

எல்வாவை விட்டுவிட்டு வேறு எதை வைத்து வெல்கிறார்கள் என்று பார்த்தால் இன்னும் ஆத்திரம் வருகிறது. டிராகனைக் கொல்வதற்கென்றே அந்தக் காலத்தில் செய்த ஈட்டி ஒன்று, நான்காவது பாகத்தின் தொடக்கத்தில்தான் ஓர் ஊரைப் பிடிக்கும்போது கிடைக்கிறது. அதை வைத்து எல்ஃப் இளவரசி ஆர்யா, அரசனின் மலை போல் இருக்கும் டிராகன் ஷ்ரூக்கனைக் கொல்கிறாள். மந்திர மொழிக்கே உரிய ரகசியப் பெயர் ஒன்று உண்டு, அது தெரிந்தவனுக்கு மொழியே அடிமை, இதுவும் நான்காவதில்தான் கிளம்புகிறது. அதை, அரசனிடம் அடிமையாகச் சிக்கிய இன்னொரு டிராகன் வீரனான மர்டாக் கற்றுக்கொண்டு அரசனின் காப்புகளை உடைக்கிறான். பாழடைந்த தீவு ஒன்றில் பாறைக்கு அடியில் டிராகன்களின் உயிர்க்கற்கள், அதாவது அவற்றின் மனமும் பலமும் அடங்கிய கற்கள், குவியலாக நூறு வருஷமாக ஒளித்து வைக்கப்பட்டிருக்கின்றன, கூடவே முட்டைகளும். இந்தப் பாறையைப் பற்றி மட்டும் முதல் பாகத்திலேயே பூனை மனிதன் சோலம்பம் சொல்லியிருக்கிறான் என்பதால் அதைத் திடீர் சரக்கு என்று சொல்ல முடியாது. ஆனால் விளைவு என்ன? அரசனின் பலமே அவன் பறித்து வைத்திருக்கும் உயிர்க்கற்கள்தான் என்று மூன்றாவதில் தெரிந்தபோது, ஐயோ இவனை எப்படி வெல்லப் போகிறார்கள் என்று மூன்று வருஷம் மண்டையைக் குடைந்துகொண்டு இருந்தோம். விடை, எரகானுக்கும் ஒரு குவியல் கிடைத்துவிட்டது. அவனிடமும் இருக்கிறது, இவனிடமும் இருக்கிறது, கணக்குச் சரி. இதற்கா காத்திருந்தோம்?

இன்னொன்று. கால்படோரிக்ஸ் முதல் மூன்று பாகத்தில் நேரில் தலைகாட்டுவதே இல்லை. அவன் பெயரைக் கேட்டாலே எல்லோரும் நடுங்குகிறார்கள், மர்டாக் வாய் வழியாக ஒருமுறை பேசுகிறான், அவ்வளவே. அது நல்ல உத்தி. பிள்ளைகள் மனதில் அவன் உருவத்தை அவர்களே வரைந்துகொள்வார்கள். நான்காவதில் கிளர்ச்சிப் படையின் தலைவி நசுவாடாவைக் கடத்திக்கொண்டு போய் ஓர் அறையில் கட்டிப்போட்டு, இருட்டிலிருந்து நிதானமாக, படித்த மனிதனைப் போல அவளோடு பேசுகிற அத்தியாயங்களில் அவன் உண்மையிலேயே பயமுறுத்துகிறான். கத்துவதில்லை. நியாயம் பேசுகிறான். மந்திரம் தெரிந்தவன் தெரியாதவனை ஆட்டிப் படைக்கிறான், அதை ஒருவன் கட்டுப்படுத்தித்தானே ஆக வேண்டும், அதைத்தான் நான் செய்யப் பார்க்கிறேன் என்கிறான். அவனைப் பதில் சொல்ல முடியாத இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவதற்கு நசுவாடா திணறுகிறாள். நான் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு யோசித்த இடம் அது. சித்திரவதையின் நடுவே அவளுக்கும் மர்டாக்குக்கும் இடையில் சொல்லப்படாமல் வளரும் அந்த உறவும் அப்படித்தான், அவ்வளவு கச்சிதம். அந்த அத்தியாயங்களை எழுதியவர்தான் இறுதிச் சண்டையையும் எழுதினாரா என்று சந்தேகம் வருகிறது. சிம்மாசன மண்டபத்துக்கு வந்ததும் அதே அரசன் இரண்டு குழந்தைகளைப் பணயமாகப் பிடித்து வைத்துக்கொண்டு மிரட்டுகிற சாதாரண வில்லனாகிவிடுகிறான்.

அந்த வாதத்துக்குப் பதில்? போருக்குப் பிறகு பேரரசியாகும் நசுவாடாவே மந்திரவாதிகளை எல்லாம் ஒரு கட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்கிறாள்! எரகானுக்கு நெருடுகிறது. எனக்கும் நெருடியது, ஆஹா, இப்போதுதான் கதை சூடு பிடிக்கிறது, கொடுங்கோலன் சொன்னதையே நல்லவள் செய்யப் போகிறாள், இதை எப்படிச் சமாளிக்கப் போகிறான் நம் ஆள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். நம் ஆள் கொஞ்சம் முகத்தைச் சுளித்துவிட்டுக் கப்பல் ஏறிவிட்டான்.

கப்பலுக்கு வருவோம், ஏனென்றால் இந்தப் புத்தகத்தின் மேல் வாசகர்களுக்கு இருக்கும் பெரிய கோபமே அதுதான். எரகானும் ஆர்யாவும் சேரவில்லை, அவன் நாட்டைவிட்டே போய்விடுகிறான், திரும்ப வர மாட்டான். இதில் நான் பெரும்பாலானவர்கள் பக்கம் இல்லை. முதல் பாகத்திலேயே மூலிகைக்காரி ஏஞ்சலா, டிராகனின் விரல் எலும்புகளை உருட்டிப்போட்டுக் குறி சொல்லும்போது இந்த நாட்டைவிட்டு நீ போய்விடுவாய் என்று சொல்லிவிட்டாள், உயர்குலத்துப் பெண் மேல் காதல் வரும், அது நல்லபடியாக முடியுமா என்று என்னால் சொல்ல முடியாது என்றும் சொல்லிவிட்டாள். ஆக ஆசிரியர் ஏமாற்றவில்லை. பிரியும் முன் இருவரும் தங்கள் உண்மைப் பெயரை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் இடம், அந்த உலகத்தில் உண்மைப் பெயரைச் சொல்வது என்றால் உயிரையே கையில் கொடுப்பது மாதிரி, ஒரு முத்தத்தைவிட அது பெரிது. அதில் எனக்குக் குறையே இல்லை.

குறை, அவன் போவதற்குச் சொல்லும் காரணத்தில். டிராகன்களை வளர்க்க உள்நாட்டில் தோதான இடம் இல்லையாம். அந்த மலை சரிவராது, அந்தக் காடு சரிவராது, அந்தத் தீவில் நஞ்சு என்று வீடு பார்க்கப் போனவர் மாதிரி ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டு, வரைபடத்திலேயே இல்லாத கிழக்குத் திசைக்குக் கிளம்புகிறான். சரி, போகட்டும். ஆர்யாவும் இப்போது டிராகன் வீராங்கனைதானே, அவளுக்குப் பச்சை டிராகன் ஃபீர்னென் இருக்கிறதே, பறந்து போய்ப் பார்த்துவிட்டு வர முடியாதா? இவன் ஏன் வரவே மாட்டான்? குறி பலித்தாக வேண்டும் என்பதைத் தவிர உருப்படியான பதில் கிடைக்கவில்லை. பாத்திரம் எடுக்க வேண்டிய முடிவைச் சோசியம் எடுத்தால் இப்படித்தான் ஆகும். கதை நூறு பக்கத்துக்கு மேல் விடைபெற்றுக்கொண்டே இருக்கிறது, யார் யாரிடமோ போய்ச் சொல்லிக்கொண்டு வருகிறான், ஆனால் ஏன் போகிறான் என்பதை மட்டும் நாம் நம்பும்படி சொல்லவில்லை.

இப்போது மரம். மூன்றாவது பாகத்தில் எரகானுக்கு வாள் செய்ய உலோகம் வேண்டும், அது மெனோவா மரத்தின் வேருக்கடியில் இருக்கிறது. பதிலுக்கு என்ன தருவாய் என்று மரம் கேட்கிறது. நீ எதைக் கேட்டாலும் தருகிறேன் என்கிறான். அடிவயிற்றில் சுருக்கென்று ஒரு வலி, அவ்வளவுதான். மரம் எதை எடுத்தது? மூன்று வருஷம் உலகம் முழுக்கப் பிள்ளைகள் இதைப் பற்றித் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். அவனுக்கு இனிக் குழந்தை பிறக்காது என்று ஒரு கட்சி, வேறு ஏதோ என்று இன்னொரு கட்சி. நான்காவதின் கடைசியில் அவனே மரத்திடம் போய்க் கேட்கிறான், தெளிவான விடை இல்லாமல் திரும்புகிறான். அக்கா மகள் கோபப்பட்டதில் என்ன தப்பு? எதைக் கேட்டாலும் தருகிறேன் என்ற வாக்கு கதைகளில் எவ்வளவு பெரிய விஷயம் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, கைகேயி கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

எல்லா முடிச்சையும் அவிழ்த்தே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று நாம் இன்னும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறோம், அதற்காகப் 'பொன்னியின் செல்வ'னை யாரும் குறை சொல்வதில்லை. கல்கி அந்த இருட்டை இருட்டாகவே வைத்திருக்கிறார் என்று படிக்கும்போதே தெரிகிறது, அந்த அறையில் விளக்கு அணைகிற விதத்திலேயே தெரிகிறது. அதே கல்கி, 1954-ல் கதையை முடித்த பிறகு, அவர் என்ன ஆனார், இவர் என்ன ஆனார் என்று வாசகர்கள் கேட்டதற்கு ஒரு முடிவுரை எழுதிப் பதில் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தார். வேண்டுமென்றே மூடி வைத்த கதவுக்கும் சாவியைத் தொலைத்துவிட்ட கதவுக்கும் வித்தியாசம் வாசகனுக்குத் தெரியும். மெனோவா மரம் எனக்கு இரண்டாவது ரகமாகத்தான் படுகிறது. மூலிகைக்காரி ஏஞ்சலா யார் என்பது முதல் ரகம், அது கடைசி வரை தெரியாமல் போனதில் எனக்குச் சந்தோஷமே. அவள் ஆசிரியரின் தங்கை ஏஞ்சலாவை மனதில் வைத்துப் படைக்கப்பட்டவள், தங்கையைப் பற்றி முழுசாக எழுதிவிட்டு வீட்டில் நிம்மதியாக இருக்க முடியுமா என்ன.

நல்லதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் வயிற்றெரிச்சல்காரி என்று நினைப்பீர்கள். கொல்லர் ஹார்ஸ்ட் வீட்டில் பிறக்கும் பெண் குழந்தைக்கு உதடு பிளந்திருக்கிறது. அந்த ஊர் வழக்கப்படி அப்படிப் பிறந்த பெண்ணின் வாழ்க்கை என்ன ஆகும் என்ற பயத்தில் தாய் வாடிப்போகிறாள். ஆயிரம் பேரைக் கொன்ற கையோடு எரகான் உட்கார்ந்து, மணிக்கணக்கில், இழை இழையாக அந்த உதட்டைச் சேர்க்கிறான். சதை எங்கே போக வேண்டும், தழும்பு விழாமல் எப்படித் தைக்க வேண்டும் என்று அவன் ஒவ்வொரு அடியாக யோசிப்பதை அவசரமே இல்லாமல் எழுதியிருக்கிறார். ஓர் ஆசீர்வாதத்தில் அவசரப்பட்டு எல்வாவைக் கெடுத்தவன், இந்தக் குழந்தையிடம் எத்தனை நிதானமாக இருக்கிறான் பாருங்கள். ஆசிரியருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, அதனால்தான் இறுதிக் காட்சியில் இன்னும் கோபம் வருகிறது. அப்புறம் எரகானின் மாமா மகன் ரோரன், மந்திரம் தந்திரம் எதுவும் தெரியாமல் சுத்தியலும் மூளையுமாகப் பிழைக்கும் ஆள், கால்வாயில் தண்ணீரைத் திறந்துவிட்டுச் சரக்குப் படகை மோதவிட்டுக் கோட்டைக் கதவை உடைக்கிறானே, அது சபாஷ். ஆனால் ரோரனுக்கு இத்தனை முற்றுகை எழுத இடம் இருந்ததென்றால் எல்வாவுக்கு ஏன் இல்லை என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்கத் தோன்றுகிறது.

பாவோலினி பின்னாளில் அதே உலகத்துக்குத் திரும்பினார். 2018-ல் ஒரு கதைத் தொகுப்பு, 2023-ல் மர்டாக்கை நாயகனாக வைத்து ஒரு பெரிய நாவல். மர்டாக் நாவல் எனக்குப் பிடித்திருந்தது, நான்காவதில் அவசரமாக ஓரங்கட்டப்பட்ட ஒருவனுக்குக் கொஞ்சம் நியாயம் கிடைத்தது. இருந்தாலும் 2011-ல் 'முடிந்தது' என்று சொல்லிக் கொடுத்த புத்தகத்தின் ஓட்டையை 2023-ல் வந்து அடைப்பதை நான் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

உங்கள் கட்டுரையாளரிடம் நான் கேட்பது இதுதான். தொடர்களைப் பரிந்துரைக்கும்போது கடைசிப் பாகம் எப்படி என்று இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள், சுமாரென்றால் சுமார் என்றே எழுதட்டும். பெற்றோர் நான்கையும் ஒரு பெட்டியாக, பெரிய விலை கொடுத்து வாங்குகிறார்கள். பிள்ளைகளோ மாதக்கணக்கில் அதிலேயே குடியிருக்கிறார்கள். முதல் பாகத்துக்கு மட்டும் மதிப்புரை எழுதுவது, பந்தியில் சாம்பாரோடு எழுந்துவிட்டு விருந்து பிரமாதம் என்று சொல்வது மாதிரி. என் யோசனையைக் கேட்டால், முதல் மூன்றையும் வாங்கிக் கொடுங்கள், நான்காவதை நூலகத்தில் கிடைத்தால் எடுத்துக் கொடுங்கள் என்பேன்.

அக்கா மகளிடம் இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். மரத்தைப் பற்றிச் சொன்னதை ஒத்துக்கொண்டாள். எல்வா விஷயத்தில் பாதி ஒத்துக்கொண்டாள். கப்பல் விஷயத்தில் சுத்தமாக ஒத்துக்கொள்ளவில்லை, அவன் போனது சரியே இல்லை, ஆர்யா போகவிட்டது அதைவிடத் தப்பு, உங்களுக்கு ஒன்றும் புரியவில்லை சித்தி என்று சொல்லிவிட்டுத் தனியாக ஒரு கடிதம் எழுத உட்கார்ந்திருக்கிறாள். வந்தால் அதையும் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகி